மின்காருக்கு 110 சதவீத வரி: நம் பட்டறைகளுக்கு இதனால் என்ன?

கணபதி பட்டறை

ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று 2026 ஜனவரி 27 அன்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் பகுதி டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. அங்கிருந்து முழுதாக வந்து இறங்கும் காருக்கு இருக்கும் 110 சதவீத வரி படிப்படியாக 10 சதவீதத்துக்கு வருகிறது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மின்காருக்கு மட்டும் முதல் ஐந்து ஆண்டுகள் சலுகை இல்லை. ஐந்து ஆண்டு என்பது நான் வாங்கிய சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல்) இயந்திரத்துக்குத் தவணை கட்டி முடிக்கிற காலம். அதற்குள் நாங்கள் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

கோவை கணபதியில் பட்டறை. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். கார் என்ஜினுக்கு வேண்டிய கனெக்டிங் ராடும் ஃப்ளைவீலும் கடைந்து கொடுக்கிறோம். நேரடியாகக் கார் கம்பெனிக்கு அல்ல. அவர்களுக்குக் கொடுப்பவர்களுக்குக் கொடுக்கிறோம்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1980களில் கார் இறக்குமதிக்கு 57.5 சதவீத வரி வைத்திருந்தார்கள். குறைத்துக் குறைத்து 2010இல் 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2017 அக்டோபரில் கடைசிக் கார் ஆலையும் மூடப்பட்டது. பெரிய ஆலை மூடினால் செய்தித்தாளில் வரும். அதற்குப் பின்னால் மூடும் நூறு பட்டறை வராது. இந்த வரியைத் தொடக் கூடாது என்பது என் கருத்து.

திருப்பூர் ஓவர்லாக்

அண்ணா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் நாங்கள் நிற்கிறோம். அதையும் கேளுங்கள்.

என் யூனிட்டில் அறுபது தையல் இயந்திரம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, பேக் செய்து ஒட்டிய பெட்டிகள் மூன்று வாரம் எங்கள் கோடவுனிலேயே கிடந்தன. தள்ளுபடி கொடு, இல்லையென்றால் ஆர்டர் ரத்து என்றார் வாங்குபவர். கொடுத்தேன். அந்த மாதம் சம்பளம் போட நகையை வைத்தேன். அடுத்தவன் எழுப்பும் சுவர் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐரோப்பாவுக்கு நம் பின்னலாடை போனால் 9 முதல் 12 சதவீதம் வரை வரி. வங்கதேசத்துக்கு வரியே இல்லை. இத்தனை ஆண்டும் இந்தச் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டே ஓடினோம். இப்போதுதான் இறக்கி வைக்கப் போகிறார்கள். அவர்கள் சட்டைக்கு வரியை எடுத்தால் நாம் எதையாவது எடுக்கத்தான் வேண்டும். கொடுக்காமல் வாங்குவது எந்தச் சந்தையிலும் நடக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மின்காரில் கனெக்டிங் ராடே கிடையாது. ஜெர்மனியில் செய்தாலும் கிடையாது, புனேயில் செய்தாலும் கிடையாது. உங்கள் ஆர்டரைக் குறைப்பது இறக்குமதி அல்ல.

கணபதி பட்டறை

கோபம் இல்லை அம்மணி. நீங்கள் சொன்ன கடைசி வரி இரண்டு ஆண்டாக என் தூக்கத்தைக் கெடுக்கிற வரி. ராடு போகும், ஃப்ளைவீல் போகும், கேம் ஷாஃப்ட் போகும். ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் வரும் புது உதிரியை யார் செய்வது? என் கேள்வி அதுதான்.

கார் இங்கே தயாரானால்தான் அதற்கான வேலை கோவைக்கு வரும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது பெரும்பாலான உதிரி ஜப்பானிலிருந்துதான் வந்தது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் உள்நாட்டில் வாங்கியாக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. இந்த நாட்டின் உதிரித் தொழில் அதில் வளர்ந்தது. என் முதலாளி (நான் லேத் கற்றுக்கொண்ட பட்டறைக்காரர்) முதல் முறையாக மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கணக்கு பார்த்தது அந்த வேலைக்காகத்தான். வரிச்சுவர் இல்லையென்றால் அந்த ஜப்பான்காரர் எதற்காக இங்கே வாங்கியிருப்பார்? வியட்நாம் கம்பெனி தூத்துக்குடியில் ஆலை கட்டி 2025 ஆகஸ்டில் திறந்ததே, ஆண்டுக்கு 50,000 கார் என்ற தொடக்கத் திறனோடு. கப்பலில் கொண்டுவந்தால் வரி கட்டி மாளாது என்பதால்தானே?

கோபி வாய்க்கால்

அண்ணா, நான் மோட்டார் வடிவமைப்பில் வேலை செய்கிறேன். படித்தது கோவையில், ஊர் கோபி. உங்கள் கேள்வி சரி. விடைதான் தவறு என்று நினைக்கிறேன்.

சீனா எப்படி முன்னேறியது? அங்கே கார் இறக்குமதி வரி 2018 வரை 25 சதவீதம். அந்த ஆண்டு ஜூலையில் 15 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டில் டெஸ்லாவைக் கூட்டாளி இல்லாமல் தனியாக ஆலை கட்ட அனுமதித்தார்கள். 2019 முடிவதற்குள் ஷாங்காயில் கார் வெளியே வந்தது. உள்ளூர்க் கம்பெனிகள் அழியவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டி போட்டன. அவர்களின் பலம் பேட்டரியிலும் உதிரியிலும் பல ஆண்டு கொட்டிய பணம், வாங்குபவனுக்குக் கொடுத்த மானியம். வரி மட்டும் அல்ல.

நாம் 100 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொண்டு என்ன கண்டோம்? 2025 பட்ஜெட்டில் 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு அடிப்படை வரியை 100இலிருந்து 70 ஆகக் குறைத்தார்கள். கூடவே 40 சதவீத மேல்வரி போட்டார்கள். கூட்டினால் 110. முன்பும் மேல்வரியோடு 110தான். டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்து, ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய்க்குக் காரை விற்கத் தொடங்கியது. ஆலை கட்டவில்லை. சுவர் உயரமாக இருந்தால் எல்லோரும் உள்ளே வந்து வீடு கட்டுவார்கள் என்பது உண்மையாகவில்லை.

சுவருக்குள் அம்பாசடர் என்ன ஆனது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். முப்பது நாற்பது ஆண்டு ஒரே உடம்பு.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1937இல் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தது கோவை. ஜி.டி. நாயுடு 1952இல் இரண்டு பேர் அமரும் காரையே செய்துவிட்டார். உரிமம் கொடுக்கவில்லை. அதே காலத்தில்தான் கார் இறக்குமதிக்கும் கதவு அடைத்திருந்தது. அடைத்த கதவு அவரைக் காப்பாற்றவில்லையே அண்ணா.

பல்லடம் டாக்சி

நான் எதையும் தயாரிப்பவன் அல்ல, ஓட்டுபவன். வாங்கியவன் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

ஒன்றரை ஆண்டாக மின்கார் டாக்சி ஓட்டுகிறேன். கோவை விமான நிலையத்துக்கும் திருப்பூருக்கும்தான் பெரும்பாலான ஓட்டம். டீசல் வண்டியில் மாதம் எரிபொருளுக்குப் போன பணத்தில் இப்போது பாதிக்கு மேல் மிச்சம். சந்தோஷமாகத்தான் இருந்தேன். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் பெட்டி வேலை செய்யவில்லை. சர்வீஸ் சென்டரில் பிழையைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். உதிரி இல்லை. கடல் கடந்து வர வேண்டும் என்றார்கள். பத்தொன்பது நாள் வண்டி ஷெட்டில் நின்றது. தீபாவளி ஓட்டம் முழுவதும் போய்விட்டது.

"இந்தியாவில் தயாரானது" என்று நம்பி வாங்கிய வண்டி. கதவும் கண்ணாடியும் இருக்கையும் இங்கே. உயிர் இருக்கும் இடம் வெளியே. உங்கள் 110 சதவீதம் இந்தப் பெட்டியை இங்கே செய்ய வைக்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெருந்துறை வார்ப்படம்

டாக்சித் தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். எல்லோரும் முழுக் காரின் வரியையே பேசுகிறோம். நம் தலையெழுத்து அதில் இல்லை. அதே ஒப்பந்தத்தில், கார் உதிரிகளுக்கான வரி ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் முழுதாக நீங்கும் என்று இருக்கிறது. இரண்டரை லட்சம் என்ற உச்சவரம்பெல்லாம் காருக்குத்தான் சொன்னார்கள். பட்டறை அண்ணா, உங்களுக்குப் போட்டி கப்பலில் வரும் பளபளப்பான கார் அல்ல. பெட்டியில் வரும் அலுமினிய மோட்டார் கூடு.

எங்கள் ஃபவுண்டரியில் முன்பு இரும்பு மட்டும்தான் ஊற்றினோம். இப்போது பாதிக்கு அலுமினியம். மோட்டார் கூட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழி இருக்கிறது. ஊசி முனை அளவு துளை விழுந்தாலும் தண்ணீர் கசியும், முழுக் கூடும் மறுபடி உருக்கத் திரும்பும். முதல் ஆறு மாதம் நூற்றுக்கு முப்பது திரும்பியது. அச்சுக்குள் காற்றை உறிஞ்சும் ஏற்பாடு செய்த பிறகு நான்குக்கு வந்தோம். இதற்கு நேரம் வேண்டும், பணம் வேண்டும், பொறுமையான ஒரு வாடிக்கையாளர் வேண்டும். மூன்றாவதுதான் கிடைப்பது அரிது.

2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்பவர், 35,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்காரை ஆண்டுக்கு 8,000 வரை 15 சதவீத வரியில் இறக்கலாம். பதிலுக்கு காரின் மதிப்பில் மூன்று ஆண்டில் 25 சதவீதத்தையும் ஐந்து ஆண்டில் 50 சதவீதத்தையும் உள்நாட்டிலேயே உருவாக்க வேண்டும். வரியின் அளவைவிட இந்த நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. அந்த 50 சதவீதத்தை யார் அளப்பது, எப்படி அளப்பது என்பதில்தான் நம் சோறு இருக்கிறது.

கணபதி பட்டறை

உதிரி வரியை நான் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. காருக்காவது உச்சவரம்பு வைத்தார்கள், எங்களுக்கு அதுவும் இல்லையா?

திருப்பூர் அம்மணி, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். உங்கள் சட்டைக்கு வழி கிடைக்க எங்கள் பட்டறையைக் கொடுக்கலாமா? ஒரே மண்ணில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்கே சங்கடமாக இருக்கிறது.

திருப்பூர் ஓவர்லாக்

கேட்டதில் தவறில்லை அண்ணா. என் அண்ணன் மகனும் உங்களைப் போல ஒரு பட்டறையில்தான் இருக்கிறான்.

என் தையல் இயந்திரம் ஜப்பான். பக்கத்து நிட்டிங் யூனிட்டில் வட்டப் பின்னல் இயந்திரம் ஜெர்மனி. அவற்றுக்கு 110 சதவீதம் போட்டிருந்தால் திருப்பூரே இருந்திருக்காது. உங்கள் சி.என்.சி.யின் கண்ட்ரோலர் எந்த நாட்டுச் சரக்கு என்று பாருங்கள். நல்ல பொருளைப் பார்த்துத்தான் நல்ல பொருள் செய்யக் கற்றோம்.

கணபதி பட்டறை

இயந்திரம் வேறு, கார் வேறு. இயந்திரம் உள்ளே வந்தால் பத்து பேருக்கு வேலை பிறக்கும். கார் உள்ளே வந்தால் ஒரு டிரைவர் வேலை பிறக்கும். இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

கோபி வாய்க்கால்

அந்தப் பிரிவினையை நான் ஏற்கிறேன் அண்ணா. அதனால்தான் தாய்லாந்து செய்தது எனக்குப் பிடிக்கிறது. 2022, 2023இல் சலுகையோடு மின்காரை இறக்கவிட்டார்கள். இறக்கியவர் 2024இல் ஒன்றுக்கு ஒன்று, 2025இல் ஒன்றுக்கு ஒன்றரை என்று அங்கேயே செய்து கொடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கதவைத் திறந்தார்கள், கடனும் எழுதினார்கள்.

மோட்டாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோவை மோட்டார் ஊர், மின்கார் மோட்டார் நமக்கு எளிது என்று பலர் மேடையில் பேசுகிறார்கள். எளிது அல்ல. நம் பம்ப்செட் மோட்டார் நிமிடத்துக்கு 2,900 சுற்று அளவில் ஓடும். மின்கார் மோட்டார் 12,000ஐத் தாண்டும். மோட்டாருக்குள் அடுக்கும் சிலிக்கான் எஃகுத் தகடு பம்புக்கு அரை மில்லிமீட்டர் போதும், இதற்கு 0.35 அல்லது அதைவிட மெல்லியது வேண்டும், இல்லையென்றால் தகடே சூடாகித் திறன் போய்விடும். மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரில் ஒரு கிராம் ஒரு பக்கம் கூடினால் அந்த வேகத்தில் பேரிங் தாங்காது. காந்தம் இன்னொரு கதை. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. சில மாதத்தில் இங்கே மின் ஸ்கூட்டர் உற்பத்தியே தடுமாறியது. காருக்கு எவ்வளவு வரி போட்டாலும் அந்தக் காந்தம் வந்திருக்காது.

நம்மால் முடியும் என்றுதான் சொல்கிறேன். வைண்டிங் (மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுவது) தெரிந்த கைகள் இந்த ஊரில் இருப்பதுபோல் வேறு எங்கே இருக்கின்றன? சோதனைக்கூடமும் தகடும் கடனும் வேண்டும். வரியைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை அதற்காகக் கேட்போம்.

பல்லடம் டாக்சி

சார்ஜர் பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள் தம்பி.

கணபதி பட்டறை

கோபித் தம்பி, நான் என் கட்சியை விட்டுவிடவில்லை. உதிரி வரி போவதாக இருந்தால் ஐந்து அல்ல, பத்து ஆண்டும் முழுதாக வேண்டும். அதுவும் எங்கள் வகைப் பட்டறை செய்யும் பொருளுக்குக் கடைசியில்தான் போக வேண்டும். எங்கள் சங்கத்தின் வழியாக இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். வார்ப்படம் அண்ணன் சொன்ன 50 சதவீத அளவுக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். போன வாரம் ஒரு பார்ட்டி ஒரு டிராயிங் கொடுத்தார். மின்வண்டிக்கான ரோட்டார் ஷாஃப்ட். பேரிங் உட்காரும் இடத்தில் ஐந்து மைக்ரானுக்குள் நிற்க வேண்டும் என்கிறார். என் இயந்திரத்தில் எட்டுக்கு வருகிறது. கிரைண்டிங் வெளியே கொடுத்தால் ரேட் கட்டவில்லை. ஞாயிறு காலை பட்டறையில்தான் இருப்பேன். முடிந்தால் வந்து டிராயிங்கைப் பார்க்கிறீர்களா?

கோபி வாய்க்கால்

பத்து மணிக்கு வருகிறேன் அண்ணா. கடைந்த ஷாஃப்ட் இரண்டை எண்ணெய் துடைத்து வையுங்கள். முதல் நாள் மாலையே ஏ.சி. அறையில் வைத்துவிடுங்கள், வெயிலில் இருந்து எடுத்து அளந்தால் அந்த மூன்று மைக்ரான் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.