வணிகம், சந்தைப்படுத்தல், சொந்த நிதி: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி (முதலாண்டு மாணவி):

வணக்கம். நான் அறிவியல் பிரிவில் முதலாண்டு படிக்கிறேன்; பள்ளியில் வணிகவியல் படித்ததில்லை. படிப்பு முடிந்தபின் சிறு தொழில் ஒன்றைத் தொடங்கும் எண்ணம் இருப்பதால், வணிகம், சந்தைப்படுத்தல், சொந்த வரவுசெலவு ஆகிய மூன்றின் அடிப்படைகளையும் கடந்த இரண்டு மாதங்களாக நானே படித்து வருகிறேன். சொற்களின் பொருள் தனித்தனியாக விளங்குகிறது. அவை ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பதுதான் பிடிபடவில்லை. குறிப்பாக, இலாபம் ஈட்டிக்கொண்டிருக்கும் நிறுவனம்கூடச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் மூடப்படலாம் என்று ஓரிடத்தில் படித்தேன். இலாபம் என்றால் மிஞ்சிய பணம்தானே என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய குழப்பமாகிவிட்டது. மூன்றில் எதை முதலில் படிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (கணக்கியல் ஆசிரியர்):

உங்கள் குழப்பம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. அது தீரும்வரை வேறு பாடத்துக்குப் போக வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டைக் கையால் எழுதிப் பாருங்கள். ஒரு பொருளின் விற்பனை விலை 50, அதற்கான மூலப்பொருள் செலவு 30, மாத வாடகையும் சம்பளமும் சேர்ந்து 12,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் 1,000 பொருள்கள் விற்றால் வருவாய் 50,000, செலவு 42,000, இலாபம் 8,000. ஆனால் வாங்கியவர்கள் 60 நாள் கடனில் வாங்கியிருக்கிறார்கள். மூலப்பொருள் கொடுத்தவருக்கோ 30 நாளில் பணம் கட்டியாக வேண்டும். சம்பளத்தை ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது. ஆகவே ஏட்டில் 8,000 இலாபம் நிற்கும்போதே, விற்பனைப் பணத்தில் ஒரு காசும் கைக்கு வருமுன் 42,000 வெளியே போய்விடுகிறது. அடுத்த மாதம் விற்பனை இருமடங்கானால் இந்தப் பற்றாக்குறை குறையாது, இன்னும் பெருகும். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் தொழில் முடங்கிப்போவது பெரும்பாலும் இப்படித்தான். கணக்கியலில் வருவாய் விற்பனை நடந்த நாளிலேயே பதிவாகிறது, பணம் வரும் நாளோ வேறு. இந்த இடைவெளி மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிதாகும்.

எனவே ஏட்டிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். 1494-இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில் இத்தாலியக் கணிதவியலாளர் லூகா பேசியோலி, ஒவ்வொரு பரிமாற்றத்தையும் இரு கணக்குகளில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கியபோது, வணிகருக்கு மூன்று ஏடுகள் வேண்டும் என்றார்: நடந்ததை நடந்தபடியே எழுதும் நாட்குறிப்பு, அதை ஒழுங்குபடுத்தும் குறிப்பேடு, கணக்குவாரியாகப் பிரிக்கும் பேரேடு. நீங்கள் முதல் ஏட்டை மட்டும் மூன்று மாதம் உங்கள் சொந்த வரவுசெலவுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு பதிவிலும் செலவு நேர்ந்த நாளையும் பணம் கொடுத்த நாளையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

பதில் 2 (சந்தைப்படுத்தல் துறையில் பணியாற்றுபவர்):

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன், வரிசையைத் தவிர. வாங்குபவர் யார் என்று தெரியாமல் எழுதப்படும் கணக்கில் அந்த 1,000 என்ற எண்ணே வெறும் ஊகம்தான். சந்தைப்படுத்தல் என்றால் விளம்பரம் என்றே பல மாணவர்கள் எண்ணுகிறார்கள். 1960-இல் அமெரிக்கச் சந்தைப்படுத்தல் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த பொருள், விலை, இடம், விற்பனை மேம்பாடு என்ற நான்கில், விளம்பரம் நான்காவதன் ஒரு பகுதி மட்டுமே. என் பார்வையில் தொடக்கநிலையினர் மிகவும் குறைவாக யோசிப்பது விலையைப் பற்றித்தான்.

மேலே உள்ள எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் விற்றால் மூலப்பொருள் செலவு போக 20 நிற்கிறது. 12,000-ஐ 20-ஆல் வகுத்தால், இலாபமோ நட்டமோ இல்லாத நிலைக்கு 600 பொருள்கள் விற்க வேண்டும் என்று தெரிகிறது. 10% தள்ளுபடி கொடுத்தால் விலை 45 ஆகிறது, நிற்பது 15, விற்க வேண்டியது 800. முன்பு கிடைத்த அதே 8,000 இலாபத்தைப் பெற 1,334 பொருள்கள் விற்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு விலையைக் குறைத்ததற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விற்பனை தேவைப்படுகிறது. அதற்கான மூலப்பொருளையும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

வாடிக்கையாளர்களிடம் பேசும்போது "இதை வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவே பலர் ஆம் என்பார்கள். இந்தச் சிக்கலைக் கடைசியாக எப்போது சந்தித்தார்கள், அதைத் தீர்க்க எவ்வளவு செலவிட்டார்கள் என்று கேளுங்கள்.

பதில் 3 (கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்):

சொந்த நிதியிலும் நாள் கணக்கே முக்கியம் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 12,000 கடன், 12 மாதத் தவணை, 10% ஃபிளாட் வட்டி என்று ஒருவர் சொன்னால், வட்டி 1,200, மாதத் தவணை 1,100. கேட்பதற்கு 10% போலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதால், ஆண்டு முழுவதும் சராசரியாக உங்களிடம் இருப்பது வாங்கிய தொகையில் பாதியை ஒட்டித்தான். வட்டியோ முழுத் தொகைக்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவையை வைத்துக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 18% ஆகிறது. இதைக் கணக்கிடாமலே கையெழுத்திட்ட பலரைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். முதலீட்டைப் பற்றிப் படிக்குமுன் இதைப் படியுங்கள். சில மாதச் செலவுக்கான சேமிப்பை ஒதுக்கிவைத்தபின் பங்குகளைப் பற்றி யோசிக்கலாம். தொழில் தொடங்கும் நாளிலிருந்தே தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. முதல் எடுத்துக்காட்டை மாதவாரியாக எழுதிப் பார்த்தேன்; இரண்டாம் மாத இறுதிவரை ரொக்கம் எதிர்மறையாகவே நிற்கிறது, இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம்: கடனுக்கு விற்ற 50,000 கைக்கு வராதபோது, பேரேட்டில் அது எங்கே இருக்கும்?

பதில் 1 (கணக்கியல் ஆசிரியர்):

வாங்கியவரின் கணக்கில் பற்றாகவும் (இடப்பக்கப் பதிவு, debit), விற்பனைக் கணக்கில் வரவாகவும் (வலப்பக்கப் பதிவு, credit) இருக்கும். 60 நாள் கழித்துப் பணம் வந்ததும் ரொக்கக் கணக்கில் பற்று, அவர் கணக்கில் வரவு என்று எழுதுங்கள். அவர் கணக்கு நேராகிவிடும். விற்பனைக் கணக்கை இரண்டாம் முறை தொடக் கூடாது.