புதன் வேதபாடம்: கொலோசெயர் 1:15-20 (குன்னூர் வீட்டுக்கூட்டம் குழு)

*கேத்தி அக்கா:* எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்தப் புதன் கொலோசெயர் 1:15-20, பவுல் கொலோசே சபைக்கு எழுதின நிருபத்துல கிறிஸ்து யாருன்னு சொல்ற பகுதி. அருவங்காடு தம்பி நடத்துறாங்க. உபதேசியார் ஐயா, ஒரு மணி நேரத்துல ஆறு வசனமும் முடியுங்களா?

*உபதேசியார் ஐயா:* 15ஆம் வசனத்துலயே உட்காராம இருந்தா முடியும்மா. எல்லா இடத்துலயும் அங்கதான் மாட்டுது. கிறிஸ்து “சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்”னு, அதாவது தலைப்பிள்ளைன்னு வாசிச்ச உடனே, “அப்போ அவரும் படைக்கப்பட்டவர்தானே”ன்னு யாராவது கேப்பாங்க. அதுலயே 40 நிமிஷம் போயிடும். சிலுவை 20ஆம் வசனத்துலதான் வருது. அதுக்குள்ள டீ வந்துடும் 😀

*அருவங்காடு தம்பி:* நானே கேக்கலாம்னு இருந்தேன் ஐயா. என்ன சொல்லட்டும்?

*உபதேசியார் ஐயா:* தர்க்கத்துக்குப் போகாதீங்க. 16ஆம் வசனம் “ஏனென்றால்”னு ஆரம்பிக்குது. கேட்டவரையே அதைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டதுன்னா அந்தச் சகலத்துல அவரும் ஒருத்தரா இருக்க முடியாது. யோவான் 1:3 இன்னும் கெட்டி: “உண்டானதொன்றும் அவராலேயல்லாமல் உண்டாகவில்லை.” அப்பவும் விடலன்னா சங்கீதம் 89:27. தாவீது ஈசாயோட எட்டுப் பிள்ளைகள்ல கடைக்குட்டி. அவனைத்தான் முதற்பேறானவனாக்குவேன்னு கர்த்தர் சொல்றார். அங்க பேச்சு உரிமையையும் மேன்மையையும் பத்தி, பொறந்த வரிசையைப் பத்தி இல்ல. அதோட நகர்ந்துடுங்க.

*வெலிங்டன் டீச்சர்:* தம்பி, ஆரம்பத்துலயே ஆளுக்கொரு பென்சில் குடுங்க. ஆறு வசனத்துலயும் சர்வ, சகல, எல்லாம், யாவையும்னு வர்ற இடத்துல எல்லாம் கோடு போடச் சொல்லுங்க. பழைய மொழிபெயர்ப்புல மொத்தம் 9 வரணும்: 15ல ஒண்ணு, 16ல மூணு, 17ல ரெண்டு, 18, 19, 20ல ஒவ்வொண்ணு. பாதிப் பேருக்கு 8தான் வரும். விட்டது எதுன்னு பாத்தா அநேகமா 20ல இருக்கிற “யாவையும்”.

*வெலிங்டன் டீச்சர்:* பாடத்தோட மூக்கணாங்கயிறு அதுதான். சிருஷ்டிப்புல “சகலமும்”, சிலுவையில “யாவையும்”. எவ்வளவு தூரம் படைச்சாரோ அவ்வளவு தூரம் மீட்கிறார். அந்தக் கோடு விழலன்னா இரட்சிப்பு என் ஆத்துமா மட்டும் தப்பிச்சுப் போறதுன்னு சுருங்கிடும்.

*அருவங்காடு தம்பி:* அருமை டீச்சர் 🙏 பிரிண்ட்ல 16 பாயின்ட் எழுத்து போட்டுடறேன், பெரியவங்களுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

*கேத்தி அக்கா:* புதன் டீ, பன் யாரு? போன தடவை எங்க வீடு.

*பெட்டட்டி அண்ணன்:* நாங்க பாத்துக்கறோம்க்கா. தம்பிக்கு ஒரு யோசனை. நம்ம ஊருல வீடு கட்டாதவங்க இல்ல. 1 கொரிந்தியர் 3:11 அஸ்திபார வசனத்தை எடுத்து, சரிவுல அஸ்திபாரம் போடறதை வச்சு விளக்கினா சட்டுனு புரியும்ல?

*உபதேசியார் ஐயா:* புரியும், ஆனா ரெண்டு இடத்துல இடிக்கும் அண்ணே. அந்த அதிகாரத்துல பவுல் கட்டறது சபையை. பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல், மரம், புல், வைக்கோல்னு அவர் அடுக்குறது ஊழியர்களோட வேலையை. சிருஷ்டிப்புக்கு ஆதாரமா அதை எடுத்தா வசனத்தை இழுத்து ஒட்டுன மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, அஸ்திபாரத்தை ஒரு தடவை போட்டுட்டு கொத்தனார் வீட்டுக்குப் போயிடறார். 17ஆம் வசனம் அப்படிச் சொல்லல. “எல்லாம் அவருக்குள் நிலைநிற்கிறது.” இந்த நிமிஷமும் பிடிச்சுட்டு இருக்கார். எபிரெயர் 1:3ம் அதேதான், சர்வத்தையும் தம்முடைய வசனத்தினாலே “தாங்குகிறவராய்”. அந்த ஒரே வாக்கியத்துலயே நம்ம பாவங்களை நீக்கும் சுத்திகரிப்பும் வந்துடுது. உலகத்தைத் தாங்குறவரும் பாவத்தைக் கழுவுறவரும் வேற வேற ஆள் இல்ல. 1 கொரிந்தியரை விட்டுட்டு இதை வாசிங்க.

*பெட்டட்டி அண்ணன்:* சரிங்கய்யா. அப்போ கொத்தனாருக்கு லீவு 😄

*வெலிங்டன் தம்பி (வாலிபர்):* ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை விசுவாசப் பிரமாணத்துல வானத்தையும் பூமியையும் படைச்சவர் பிதான்னுதானே சொல்றோம்? குமாரன் படைச்சதா அதுல வரலியே.

*உபதேசியார் ஐயா:* சரியான இடத்துல கை வச்சீங்க தம்பி. அப்போஸ்தலர் பிரமாணத்துல அது வராது. அதை மட்டும் சொல்லிச் சொல்லி, பிதா படைப்பு இலாகா, குமாரன் இரட்சிப்பு இலாகான்னு நம்ம மனசே பிரிச்சு வச்சிருது. திருவிருந்து ஆராதனையில சொல்ற நிசேயா பிரமாணத்தை எடுத்துப் பாருங்க. சகலமும் குமாரன் மூலமா உண்டாச்சுன்னு சொன்ன கையோடு, நமக்காகவும் நம்ம இரட்சிப்புக்காகவும் இறங்கி வந்தார்ங்குற வரி. நடுவுல மூச்சுவிடக்கூட இடமில்ல.

*வெலிங்டன் டீச்சர்:* அந்த வரி சும்மா வந்ததில்ல. அலெக்சந்திரியாவுல ஆரியுன்னு ஒரு குரு, குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்துச்சுன்னு போதிச்சார். அதுக்காகத்தான் கி.பி. 325ல நிசேயாவுல பிஷப்மாரோட சங்கம் கூடுச்சு. அப்போ வெறும் டீக்கனா இருந்த அத்தனாசியு 328ல பிஷப் ஆனார், இதே சண்டையில அஞ்சு தடவை ஊரை விட்டுத் துரத்தப்பட்டார். அவரோட வாதம்: ஆதியில படைச்ச அதே வார்த்தையானவர்தான் கெட்டுப்போன படைப்பைப் புதுப்பிக்க முடியும். படைக்கப்பட்ட ஒருத்தரால படைப்பைத் தேவனோட சேத்து வைக்க முடியாது.

*உபதேசியார் ஐயா:* மறுபக்கமும் ஒருத்தர் சறுக்குனார். மார்சியோன். படைச்ச தேவன் வேற, இயேசுவோட பிதா வேறன்னார். 144ல ரோமாபுரி சபை அவரை வெளியேத்துச்சு. ஆரியு பேரைத் தெரியாத சபை இல்ல. ஆனா இன்னைக்கு நம்ம கூட்டங்கள்ல அதிகமா நடமாடுறது மார்சியோன்தான்னு எனக்குப் படுது. உடம்பு எதுக்கு, மண்ணு எதுக்கு, எல்லாம் எரியப் போறதுதானேன்னு பேசுறோமே, அது அவர் குரல். ரோமர் 8:21 சிருஷ்டியும் விடுதலையாகும்ங்குது.

*அருவங்காடு தம்பி:* இவ்வளவும் சொன்னா டைம் தாண்டிடும் ஐயா 😅

*உபதேசியார் ஐயா:* சரித்திரம் கேட்டா மட்டும். வாசிப்பு 5, கோடு போடறது 10, 16-17க்கு 15, 18-20க்கு 20, கேள்வி 10. 16ல மூணு சொல்லைப் பிடிங்க: அவருக்குள், அவரைக்கொண்டு, அவருக்கென்று. மூணாவதை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. அவர் மூலமா வந்ததுன்னு ஒத்துக்குவோம். அவருக்காக இருக்குதுங்கறதுதான் பர்ஸ் வரைக்கும் வரும்.

*கேத்தி அக்கா:* 16ல சிங்காசனங்கள், கர்த்தத்துவங்கள்னு எல்லாம் எதுக்குங்கய்யா அவ்வளவு நீட்டா?

*உபதேசியார் ஐயா:* கொலோசே சபையில தேவதூதர்களுக்கு ஆராதனை (2:18), மாதப்பிறப்பு, ஓய்வுநாள் கணக்கு (2:16), “தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே” (2:21). கிறிஸ்து போதாது, மேல இன்னும் நாலு அதிகாரங்களைச் சமாளிக்கணும்ங்கற பயம்மா. பவுல் அந்தப் பட்டியலையே எடுத்து, இதெல்லாம் அவர் படைச்சதுதான்னு போட்டுட்டார். ஆராதனைக்கு வந்துட்டு நாள் நட்சத்திரத்துக்கும் பயந்துக்கறவங்க நம்ம நடுவுலயும் உண்டு. யார் பேரும் சொல்லாம பொதுவா சொல்லுங்க தம்பி.

*வெலிங்டன் டீச்சர்:* இன்னொண்ணு கவனிங்க. 16ல பரலோகம் முதல்ல, பூலோகம் அப்புறம். 20ல வரிசை மாறுது: “பூலோகத்திலுள்ளவைகள் பரலோகத்திலுள்ளவைகள்”. சிலுவை நட்டது பூமியிலங்கறதால தேவனோட சேத்து வைக்கிற ஒப்புரவு இங்கிருந்து ஆரம்பிக்குதுன்னு நான் எடுத்துக்கறேன். இது என் வாசிப்பு, அடிச்சுச் சொல்லாதீங்க.

*வெலிங்டன் தம்பி (வாலிபர்):* யாவையும் ஒப்புரவாக்கினார்னா எல்லாருமே இரட்சிக்கப்பட்டாச்சா?

*உபதேசியார் ஐயா:* 20ஓட நிறுத்தினா அப்படித்தான் கேக்கத் தோணும். 21ல பவுல் “நீங்க”ன்னு திரும்புறார், 23ல விசுவாசத்துல நிலைத்திருந்தால்னு நிபந்தனை வைக்கிறார். துரைத்தனங்களுக்கு (கண்ணுக்குத் தெரியாத அதிகாரங்களுக்கு) வர்ற சமாதானமோ 2:15ல இருக்கு: உரிஞ்சு, கோலமாக்கி, சிலுவையில ஜெயிக்கிறார். எதிர்த்தவங்க அடக்கப்படறாங்க, நம்பினவங்க சேத்துக்கப்படறாங்க. இரத்தம் ஒண்ணுதான்.

*அருவங்காடு தம்பி:* அப்போ பிரிண்டை 23 வரைக்கும் போட்டுடறேன் ஐயா. பின்பக்கம் எபிரெயர் 1:1-3. எத்தனை பேரு வர்றீங்க?

*பெட்டட்டி அண்ணன்:* எங்க வீட்ல 4.

*கேத்தி அக்கா:* நாங்க 3. பென்சில் நான் கொண்டு வர்றேன். மழை பெஞ்சா ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடலாம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கறவங்க இருக்காங்க.