நடுமார்பில் காசில்மேன் கட்டி: அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி (கோபியிலிருந்து):
வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் என் தங்கைக்கு வயது 34. நான்கு மாதமாக விடாத வறட்டு இருமலைப் பஞ்சுத் தூசியால் வந்தது என்றே நினைத்திருந்தோம். எக்ஸ்ரேயில் நிழல் தெரிய, சி.டி. ஸ்கேன் எடுத்ததில் மூச்சுக்குழாயை ஒட்டி 5 செ.மீ. கட்டி இருக்கிறது. ஊசி வழியாக எடுத்த சதையில் புற்றணுக்கள் இல்லை, காசில்மேன் நோயாக, அதாவது நிணநீர் முடிச்சு (நெறி) அளவுமீறி வளரும் அரிய நோயாக, இருக்கலாம் என்று அறிக்கை வந்துள்ளது. மார்பைத் திறந்து எடுத்துவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். புற்றில்லாத கட்டியில் எதற்குக் கத்தி வைக்க வேண்டும் என்று எங்கள் அப்புச்சி தடுக்கிறார். அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1 (ஈரோடு):
என் மனைவிக்கும் இதே கட்டிதான். நெஞ்சுக்குள் நெறி கட்டியிருக்கிறது என்றதும், சளியில் கிருமி இல்லாதபோதும் டி.பி. என்றே எண்ணி மாத்திரை கொடுத்தார்கள்; ஆறு மாதமாகியும் கட்டி சுருங்கவில்லை. பிறகு கோவையில் முழுக்கட்டியையும் எடுத்துப் பரிசோதித்தபோதுதான் நோயின் பெயர் உறுதியானது. விலா ஓரத்து வலி இரண்டு மாதம் இருந்தது. இப்போது நான்கு ஆண்டுகளாகின்றன, கட்டி திரும்பவில்லை.

பதில் 2 (நோய்க்குறியியல் மருத்துவர், கோவை):
ஊசியில் வரும் சிறு துண்டில் நிணநீர் முடிச்சின் உள்ளமைப்பு முழுதாகத் தெரியாது என்பதால், "இருக்கலாம்" என்று எழுதியதைக் குறையாகக் கருத வேண்டாம். பாஸ்டன் நகரின் பெஞ்சமின் காசில்மேனும் அவருடைய சகாக்களும் 1956இல் 13 பேரிடம் விவரித்தது, நடுமார்பில் ஒரே இடத்தில் வளரும் இத்தகைய கட்டியைத்தான். அவ்வாறு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் முழுமையாக அகற்றுவதே சிகிச்சை. பெரும்பாலோர் அதிலேயே குணமடைகிறார்கள். புற்றில்லை என்றாலும், வளரும் கட்டி மூச்சுக்குழாயை நெருக்கும் என்பதைப் பெரியவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் பல இடங்களில் முடிச்சுகள் வீங்கும் வகையும் உண்டு. காய்ச்சல், எடை குறைவு, இரத்தசோகை ஆகியவை அதில் அதிகம் காணப்படும், எச்.ஐ.வி., எச்.எச்.வி.-8 ஆகிய வைரஸ்களோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அதற்கு மருந்துதான் வழி, கத்தி அன்று. எனவே சம்மதிக்கும் முன் கழுத்து, வயிறு உட்பட மற்ற இடங்களின் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனைகளும் முடிந்தனவா என்று கேளுங்கள். இக்கட்டியில் இரத்த ஓட்டம் மிகுதி. தேவைப்பட்டால் அதற்குச் செல்லும் இரத்தக்குழாயை முன்கூட்டியே அடைத்துவிட்டு அறுப்பார்கள். ஆகவே இரத்தம் தயாராக இருக்கும், மார்பு அறுவையில் பழகிய மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். தங்கைக்கு வாயில் ஆறாத புண் இருந்தால் அறுவைக்கு முன்பே கட்டாயம் சொல்லுங்கள். இக்கட்டியோடு அரிதாக வரும் ஒரு தோல் நோய் அப்படித்தான் தொடங்கும். அது நுரையீரலையும் தாக்கக்கூடும்.

இணையத்தில் தேடும்போது லிம்பாஞ்சியோமா என்ற பெயரும் கண்ணில் படும். அது நீர் நிறைந்த பை, பெரும்பாலும் குழந்தைகளின் கழுத்தில் வருவது. இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ இல்லை. வயிற்று ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை அதைக் கேட்டு எடுத்த பிறகு, அப்புச்சியையும் உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம்.