நாகப்பாம்பின் மறைபெட்டிக் கதவு: யோசனை தேவை

உரிமத்தோடு நச்சுப்பாம்பு வளர்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. கூண்டுக்குள் மறைபெட்டி வைத்து, பாம்பு உள்ளே போனதும் வெளியிலிருந்தே கம்பியால் கதவைத் தள்ளி மூடுகிறோம். கொக்கியால் தூக்காமலே சுத்தம் செய்யலாம். கடிபடும் வாய்ப்பும் குறைவு. ஆனால் கதவு ஓடும் பள்ளத்தில் மரத்தூள் அடைத்துக்கொண்டு, கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடுவதில்லை. குட்டிப் பாம்புக்கு அதுவே வாசல். தலை நுழைந்தால் உடல் வந்துவிடும். மூடியது போலத் தெரிவதுதான் இதில் பெரிய ஆபத்து.

மரத்தூளுக்குப் பதில் செய்தித்தாள் விரித்தால் அடைப்பு நிற்கும், ஆனால் பாம்பு அதற்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். மேலிருந்து இறங்கும் கதவு வைத்தவர்கள் இருக்கிறீர்களா? வால் நசுங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

இன்னொன்று, கூண்டில் ஒட்டும் அவசர அட்டை. அறிவியல் பெயர், பொருந்தும் நச்சுமுறி மருந்து, அது இருப்பில் உள்ள மருத்துவமனை, பாம்பைக் கையாள்பவரின் ஒவ்வாமை எல்லாம் எழுதியாயிற்று. வேறென்ன சேர்க்கலாம்?