ஹனோயில் வியட்நாமிய மொழி பேசுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவசர உதவி

வணக்கம் நண்பர்களே. நானும் தங்கையும் இப்போது வடக்கு வியட்நாமில் ஹா ஜியாங் ஊரில் இருக்கிறோம். ஹனோயின் மி டின் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்லீப்பர் பஸ்ஸில் வந்தோம். விடியற்காலை இருட்டில் அவசரமாக இறக்கிவிட்டார்கள். தங்கையின் பை டிக்கியிலேயே போய்விட்டது. ஊதா நிறம், கைப்பிடியில் மஞ்சள் கயிறு. உள்ளே அவளுடைய தைராய்டு மாத்திரைகள் இருக்கின்றன, அதுதான் பெரிய கவலை.

பஸ் அலுவலகத்தில் மொபைல் மொழிபெயர்ப்பில் கேட்டால், புது டிக்கெட் கேட்கிறோம் என்று நினைத்து விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். கோபமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. டிக்கெட்டில் ஸாலோ (வாட்ஸ்அப் மாதிரி இங்குள்ள செயலி) எண் இருக்கிறது. மொழி தெரிந்த யாராவது அதில் பேசித் தர முடியுமா? இன்பாக்ஸில் வாருங்கள், டிக்கெட் படம் அனுப்புகிறேன். இங்கே மருந்துக்கடையில் தைராக்ஸின் வாங்கியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.