கலைச்சொல்: ஆர்கெஸ்ட்ராவுக்குப் 'பல்லியம்' – மறுமொழி

அண்ணே, வணக்கம்.

காரைக்குடி வீட்டு வளவில், மேற்கத்திய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் 'பூமியின் பாடல்' ஒலிப்பதிவைக் கூடிக் கேட்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். பல கருவிகள் சேர்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அழைப்பிதழில் 'ஆர்கெஸ்ட்ரா' என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் அது திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. வருகிறவர்கள் நேயர் விருப்பச் சீட்டோடு வந்து நிற்பார்கள்.

'சேர்ந்திசை' பள்ளிப் பிள்ளைகள் கூடிப் பாடுவதற்கென்று ஆகிவிட்டது. தேவகோட்டை ஆச்சி சொன்ன 'ஆமந்திரிகை' அழகுதான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழல்வழி யாழ், யாழ்வழித் தண்ணுமை, அதன்பின் முழவு, முழவொடு கூடி ஆமந்திரிகை என்று வரிசை வருகிறது. ஆனால் பழைய உரை அதை இடக்கை வாத்தியம் என்கிறது. ஒரு தோல்கருவியின் பெயரை வயலினும் குழலும் கொம்பும் நிறைந்த கூட்டத்துக்குச் சூட்டலாமா?

என் ஓட்டு பல்லியத்துக்கே. இயம் என்றால் இசைக்கருவி; பல இயங்கள் சேர்ந்தது பல்லியம். திருமுருகாற்றுப்படையிலேயே 'அந்தரப் பல்லியங் கறங்க' என்று ஒலிக்கிறது. சுவர்ப்பல்லி நினைவுக்கு வருவதாகக் குறைபட்ட நண்பருக்கு: 'பல்லியக் குழு', 'பல்லிய அரங்கு' என்று எழுதிப் பாருங்கள், பல்லி தானே ஓடிவிடும். 'சிம்பொனி' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுவோம், அது தமிழில் ஊன்றிவிட்டது.

மனிதனும் உலகும் பற்றிய படைப்புகளுக்கு நீங்கள் சொன்ன 'திணைப் பல்லியம்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'இயற்கைப் பல்லியம்' என்றால் மனிதன் வெளியே நின்றுவிடுவான். திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள், மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள், ஒன்றைவிட்டு ஒன்றில்லை. மாலரிடமும் அப்படித்தான். ஆறு பாடல்கள், சீனக் கவிதைகளின் ஜெர்மன் தழுவல்கள். கடைசிப் பாடலான 'பிரிவு' மட்டும் ஏறக்குறைய அரைமணி நேரம். மனிதன் விடைபெறுகிறான், மண்ணோ வசந்தத்தில் மறுபடி பச்சைகட்டுகிறது. மணிபோல் ஒலிக்கும் செலஸ்டாவும் மாண்டலினும் ஹார்ப்பும் மெல்லத் தெறிக்க, பாடுகிறவர் 'என்றென்றும்' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்கிறார். பிரிவு நமக்குப் பாலையின் உரிப்பொருள் அல்லவா! 1911 நவம்பரில் மியூனிக்கில் புரூனோ வால்ட்டர் இதை அரங்கேற்றியபோது மாலர் இறந்து ஆறு மாதம்.

இனி, புரூனோ வால்ட்டரைப் போலப் பல்லியத்தின் முன் கோல் பிடித்து நின்று வாசிப்பை நடத்தும் 'கண்டக்டர்'. 'நடத்துநர்' பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர், 'இயக்குநர்' சினிமாக்காரர். மாதவிக்கு ஆடல் கற்பித்தவரைச் சிலம்பு ஆசான் என்கிறது. 'பல்லிய ஆசான்' எனலாம். கோல் பிடிப்பவர் பெண்ணாக இருந்தால் ஆசான் பொருந்துமா என்பதுதான் என் ஐயம். ஆச்சியே இதற்கு ஒரு வழி சொல்லட்டும், அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போவதற்குள்.