கூலண்ட் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைகிறது, பினாங்கு வரை போகலாமா?

செந்தூல்_பையன்:

வணக்கம். அப்பா ஓட்டிய காடி (கார்) இப்போது என் கைக்கு வந்திருக்கிறது, பன்னிரண்டு வருடத்துக் காடி, ஆட்டோ. அடுத்த வாரம் தைப்பூசத்துக்கு அம்மாவையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும். (பத்துமலை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் பாட்டியின் வேண்டுதல் அங்கே.) பிரச்சினை என்னவென்றால், பானட்டைத் திறந்தால் ஓரத்தில் இருக்கிற அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர்) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லோ கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. நானும் வீட்டுப் பைப்பில் பிடித்து ஊற்றிவிடுகிறேன். ஊசி நடுவில்தான் நிற்கிறது, சூடு ஏறியதே இல்லை. பக்கத்துப் பட்டறையில் கேட்டேன், பழைய காடி என்றால் அப்படித்தான், ஊற்றிக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது சரிதானா? மற்ற எண்ணெய் தண்ணீரை எல்லாம் நானே பார்ப்பது எப்படி என்றும் யாராவது சொல்லுங்கள். எனக்குப் பெட்ரோல் ஊற்றத் தெரியும், அவ்வளவுதான்.

பழைய_போர்மேன்:

தம்பி, சரியில்லை. கூலண்ட் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமானா என்ன, மூடிய பாதைக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் வெளியே ஒழுகுகிறது, அல்லது என்ஜினுக்குள் போகிறது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் 350 கிலோமீட்டர் பாட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

ராத்திரி முழுக்க நின்ற காடியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் மாட்டியிருக்கும் இடம், வாட்டர் பம்ப், அப்புறம் ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம். சொட்டு கண்ணில் படாது, சூட்டில் அப்போதைக்கப்போது காய்ந்துவிடும். தடம்தான் இருக்கும், உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக, இல்லை என்றால் கூலண்டின் நிறத்திலேயே பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ. காடிக்குள் உட்கார்ந்தால் தித்திப்பாக ஒரு வாடை வருகிறதா என்றும் பாருங்கள். தரையில் ஒழுகியிருந்தால் கழுவிவிடுங்கள், அதில் இருக்கிற எத்திலின் கிளைக்கால் நாய் பூனைக்கு விஷம், தித்திப்புக்கு நக்கிவிடும்.

அடுத்து மின்யாக் ஹித்தாம் (என்ஜின் எண்ணெய்) ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) நுரை மாதிரி ஒட்டியிருந்தால், எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி, அந்த டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். மூடியில் மட்டும் கொஞ்சம் இருந்தால், கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற காடியில் ஈரம் படிந்ததாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) பக்கம் சந்தேகப்பட வேண்டும், அப்போது பஸ்ஸில் போங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கிறது, மூடியைத் திருகினால் அந்த நொடியே ஆவியாகி மேலே பாயும். என் வலது முழங்கையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. ஆறிய பிறகு கழற்றி, அடியில் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் ஆறும்போது அந்த மூடி வழியாகத்தான் டப்பாவில் இருப்பதை ரேடியேட்டர் திரும்ப இழுத்துக்கொள்ளும். மூடி கெட்டால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகும்.

பைப் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். நம் நாட்டில் பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு என்று நிறைய பேர் கேட்பார்கள். துருவைத் தடுக்கிற மருந்து அதில்தான் இருக்கிறது. இத்தனை மாதம் ஊற்றி ஊற்றி நீங்கள் அதை நீர்மோர் ஆக்கியிருப்பீர்கள். ஒழுகலைச் சரிபண்ணிவிட்டுப் பழையதை முழுக்க வடித்து, தண்ணீரோடு சரிபாதி கலந்தே விற்கிற கூலண்டை ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், காடியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

ஈப்போ_மேடு:

ஊசி நடுவில் நிற்கிறதே என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். நிறைய காடிகளில் அந்த ஊசியைக் கொஞ்சம் ஏற்ற இறக்கத்துக்கு அசையாத மாதிரிதான் வைத்திருக்கிறார்கள், அது அசையும்போது காரியம் கைமீறியிருக்கும். தண்ணீர் ரொம்பக் குறைந்து சென்சார் காற்றில் நின்றால் சூட்டைச் சரியாகக் காட்டாது. எனக்கு ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறுகிற மேட்டில், லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது சூடு ஏறியது. ஏர்கானை அடைத்து, ஓரம் கட்டி, எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். மச்சான் மினரல் வாட்டர் போத்தலோடு ஓடி வந்தார், நல்லவேளை பிடித்துக்கொண்டேன், கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீர் விட்டால் ஹெட் வளைந்துவிடும், விரிசலும் விழலாம்.

இன்னொன்று. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் காடி நகரவே நகராது. ஹைவேயில் காற்று அடித்து ஆற்றும், அங்கே ரேடியேட்டர் காற்றாடி மட்டும்தான். ஏர்கான் போட்டு நிறுத்தி, அது சுற்றுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பட்டர்வொர்த்_அக்கா:

தம்பி, பிரேக் எண்ணெயையும் பாருங்க. ஆனால் குறைந்திருக்கிறது என்று உடனே ஊற்றாதீர்கள். பிரேக் பேட் தேயத் தேய எண்ணெய் தானாக இறங்கும், அதனால் முதலில் பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். நான் புத்திசாலித்தனமாக மேக்ஸ் வரை ஊற்றி வைத்தேன். புது பேட் மாட்டும்போது எண்ணெய் மேலே ஏறி வழிந்து, பானட்டுக்குள் பெயின்ட் உரிந்து வந்துவிட்டது. பேட் நன்றாக இருந்தும் குறைகிறது என்றால் ஒழுகல், அந்தக் காடியை ஓட்டவே கூடாது.

பிரேக் எண்ணெய் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்கிற ரகம் புதிதாக 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் 155 வரைதான். பினாங்கில் பாலிக் புலாவ் மலைப் பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு இது புரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வீட்டில் திறந்து கிடக்கும் பழைய போத்தலை ஊற்றாதீர்கள்.

செந்தூல்_பையன்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தேன். கீழ் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் பொடி மாதிரி படிந்திருக்கிறது, விரலால் தேய்த்தால் உதிர்கிறது. ஹோஸை அமுக்கினால் முறுக்கு மாதிரி நொறுங்குகிற சத்தம். மூடியில் நுரை இல்லை. டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்ததில் எண்ணெய் இரண்டு புள்ளிக்கும் நடுவில், ஆனால் கறுப்பாக இருக்கிறது. கியர் எண்ணெய்க்கு டிப்ஸ்டிக்கே காணோம்.

பழைய_போர்மேன்:

ஹோஸ்தான். மேல், கீழ் இரண்டையும் ரேடியேட்டர் மூடியோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். எண்ணெய் கறுப்பாவது அழுக்கை வாங்கிக்கொள்வதால்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கடைசி சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று ஸ்டிக்கரைப் பாருங்கள். மேக்ஸைத் தாண்டி ஊற்றாதீர்கள், உள்ளே அடிபட்டு நுரைத்துவிடும். கியருக்கு டிப்ஸ்டிக் இல்லாத காடிகள் நிறைய, லிஃப்ட்டில் தூக்கித்தான் பார்க்க வேண்டும், சிவிடியாக (பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோ கியர்) இருந்தால் அதற்கென்று தனி எண்ணெய், மாற்றி ஊற்றிவிடப் போகிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

மாற்றியதும் பினாங்குக்குக் கிளம்பாதீர்கள். இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டி, காலையில் டப்பாவைப் பாருங்கள். முதல் நாள் உள்ளே இருந்த காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

செந்தூல்_பையன்:

சரிண்ணே, சனிக்கிழமை மாற்றுகிறேன். வைப்பர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவுகிற சோப்பு போடலாமா? அம்மா கேட்கச் சொன்னார்கள்.

பட்டர்வொர்த்_அக்கா:

வேண்டாம்பா, கண்ணாடி முழுக்க நுரை நிற்கும். அதற்கு மட்டும் உங்க பைப் தண்ணீர் போதும்.